மேலட் விரல்

மேலட் விரல் என்பது கைவிரலின் நுனி மூட்டை நீட்டும் தசைநாண் அறுபடுவதாலோ, அது பற்றியுள்ள எலும்பின் துண்டு பெயர்வதாலோ விரல்நுனி கீழ்நோக்கித் தொங்கிவிடும் நிலை ஆகும். மேலட் என்பது தச்சர்களின் கொட்டாப்புளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அமெரிக்காவில் இது பேஸ்பால் விரல் எனவும் அழைக்கப்படுகிறது.

காரணங்கள்

நீட்டிய விரலின் நுனியில் பந்து மோதி, அதனைத் திடீரென மடக்கும்போது இக்காயம் ஏற்படுகிறது. துடுப்பாட்டத்திலும் கூடைப்பந்திலும் இது நேர்வதுண்டு. எனினும் இதனை விளையாட்டுக் காயம் என்று மட்டும் கருதலாகாது. மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போதுகூட இத்தசைநாண் அறுபடலாம்.

கண்டறிதல்

விரலின் நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை நீட்டச் சொல்வதே எளிய சோதனை. நோயாளியால் தாமாக நீட்ட இயலாது. மருத்துவர் தூக்கிவிட்டால் நுனி நேராகும். வலி குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால் பலர் இதனைச் சுளுக்கு என்று விட்டுவிடுகின்றனர். எலும்பு பெயர்ந்துள்ளதா, மூட்டு விலகியுள்ளதா என்பதைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும்.

சிறுவர்களில் எலும்பின் வளர்தட்டு முறிந்து, நகத்தின் அடித்தளமும் கிழிந்திருக்கலாம். சேமூர் முறிவு எனப்படும் இது பார்வைக்கு மேலட் விரலை ஒத்தது. ஆனால் திறந்த காயமாதலால் தொற்று ஏற்படும் முன் உடனடிச் சிகிச்சை தேவை.

சிகிச்சை

பெரும்பாலானோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. நுனி மூட்டை மட்டும் நேராக நிறுத்தும் சிம்பு 6 முதல் 8 வாரங்கள் வரை இரவும் பகலும் அணியப்படுகிறது. நடு மூட்டு தடையின்றி மடங்கலாம். விரல் நேராக இருக்கும்போது மட்டுமே அறுந்த முனைகள் நெருங்கியிருக்கும். அவற்றிடையே வடு இழையம் மெல்ல வளர்ந்து இணைக்கிறது. நுனி ஒருமுறை தொங்கினாலும் இவ்விழையம் இழுபட்டுவிடும் என்பதால் நாட்களை மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். சிகிச்சை தோல்வியுறுவது பெரும்பாலும் இங்கேதான். தோலை உலர்த்தச் சிம்பைக் கழற்றும்போது விரலை மேசைமீது தட்டையாக வைத்திருத்தல் வேண்டும். நுனியை அளவுக்கு மீறிப் பின்னோக்கி வளைத்துக் கட்டினால் மூட்டின் மேலுள்ள தோலுக்குக் குருதி செல்வது தடைப்படும்.

இக்காலம் முடிந்தபின் மேலும் சில வாரங்கள் இரவில் மட்டும் அணிவது வழக்கம். சில வாரங்கள் தாமதித்துத் தொடங்கினாலும் இம்முறை பலனளிக்கக்கூடும். மூட்டு விலகியிருந்தாலோ பெரிய எலும்புத் துண்டு பெயர்ந்திருந்தாலோ கம்பி செலுத்தி நிலைநிறுத்துவது உண்டு.

சிகிச்சையின்றி விட்டால் நடு மூட்டு பின்னோக்கி வளைந்து, விரல் அன்னத்தின் கழுத்தைப் போன்ற வடிவம் பெறலாம். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் நுனியில் சிறு தொய்வு எஞ்சக்கூடும்; அது பொதுவாக விரலின் பயன்பாட்டைப் பாதிப்பதில்லை.