குன்றின் மேல் ஒரு மரவீடு

மலாயா, சிங்கப்பூர்க் காலனியக் கட்டடங்களைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் செங்கல்லிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்திய மரக்காலம் போதிய கவனம் பெறவில்லை. மக்கிப்போன பொருளுக்குச் சான்று குறைவு என்பதே காரணம். சிங்கப்பூரின் முதல் அரசாங்க இல்லம் இங்கு ஆராயத்தக்கது.

1822 அக்டோபரில் பெங்கூலனிலிருந்து திரும்பிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், புக்கிட் லாராங்கான் என மலாய் மக்கள் வழங்கிய குன்றின் மேல் தமக்கு ஓர் இல்லம் எழுப்பினார். பண்டைய மலாய் அரசர்களின் கல்லறைகள் உள்ள இடம் என்று நம்பப்பட்டதால், மக்கள் ஏற அஞ்சிய குன்று அது. பலகைச் சுவர், சாய்பலகைச் சன்னல்கள், அத்தாப்புக் கூரை ஆகியவற்றோடு அவ்வில்லம் 1823இன் தொடக்கத்திலேயே குடியிருப்புக்கு ஆயத்தமாயிற்று. சன்னல் ஐரோப்பியருடையது, நீப்பா ஓலையைக் கோத்து வேயும் அறிவோ இம்மண்ணுக்குரியது. பெக்கான் நானாஸ் அமைந்துள்ள பொந்தியான் மாவட்டத்தின் கூக்குப் கடலோரத்தில், கால்களின் மேல் நிற்கும் வீடுகளைக் கண்டோர்க்கு இவ்வட்டார மரக்கட்டுமானத்தின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அவ்வீட்டை முற்றிலும் ஆங்கிலேயர் படைப்பு என்பது பொருந்தாது.

மரத்திற்குப் பகை கறையானும் தீயும். 1819 மே மாதத்தில் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, இங்குச் செங்கற்சூளை அமைத்து முதல் கட்டட ஒப்பந்தக்காரர் எனப் பெயர் பெற்றவர். அவருடைய துணிக்கடை 1822இல் தீக்கிரையாயிற்று, கடன் சூழ்ந்தது. ஆயினும் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு அவர் 1827இல் எழுப்பிய கோயில் மரமும் அத்தாப்புமே! சூளை கண்டவர் செங்கல்லை நாடாதது வியப்பன்று. குடியேறிய மக்களுக்கு வழிபாட்டிடம் விரைந்து தேவைப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. அக்கோயில் 1843இல்தான் செங்கற்கட்டடமாயிற்று.

செங்கல்லின் ஆட்சிக்குப் பின்னே இந்தியர் உழைப்பு இருந்தது. 1825 ஏப்ரலில் பெங்கூலனிலிருந்து வந்திறங்கிய முதல் கைதிகள் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 பேர். அவர்களுக்குப் பின் வந்த இந்தியக் கைதிகளே சாலைகளையும் பல பொதுக்கட்டடங்களையும் அமைத்தனர். குன்றின் மேலிருந்த அரசாங்க இல்லம் 1859இல் கோட்டைக்காக இடிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக எழுந்து, இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையை 1867 முதல் 1869 வரை கட்டியவர்களும் இந்தியக் கைதிகளே. மாளிகையை வரைந்தவரின் பெயர் நூல்களில் உள்ளது. செங்கல் அடுக்கியோரின் பெயர்களைக் கைதிப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.