குளியலறைக் கண்ணாடி விளக்கு

குளியலறையில் வாஷ்பேசினுக்கு மேலுள்ள முகக்கண்ணாடியை ஒட்டி, சவரம், ஒப்பனை, பல் துலக்கல் போன்ற வேலைகளுக்காகப் பொருத்தப்படும் விளக்கு இது. கடைகளில் ‘மிரர் லைட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கண்ணாடி தனக்கு வந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு சரி. முகத்தின்மீது எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு ஒளி விழுகிறதோ, அதுவே கண்ணாடிக்குள் தெரியும். எனவே விளக்கின் இடம், நிறம், அளவு மூன்றையும் முகம் வந்து நிற்கும் இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருத்தமாக விளக்கு வாங்குவது பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

விளக்கின் இடம்

கூரை நடுவில் ஒரே விளக்கு இருக்கும் அறையில், கண்ணாடியை நெருங்க நெருங்க அந்த விளக்கு நிற்பவரின் தலைக்குப் பின்னால் போய்விடுகிறது, முகம் இருட்டாகிறது. அதைத் தவிர்க்க வாஷ்பேசினுக்கு நேர் மேலே கூரையில் ஒரு டவுன்லைட் பதித்தால் வேறு சிக்கல் வரும். புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், முகவாய்க்குக் கீழே கழுத்து கறுத்துத் தெரியும். சவரம் முடித்து வெளிச்சத்துக்கு வந்த பிறகு தாடையின் அடியில் விட்டுப்போன முடிகள் கண்ணில் படுவது பெரும்பாலும் இதனால்தான்.

கண்ணாடியின் இருபுறமும் செங்குத்தாக ஒவ்வொரு விளக்கு வைப்பதே சிறந்த முறை. ஒரு பக்க விளக்கு உண்டாக்கும் நிழலை மறுபக்க விளக்கு அழித்துவிடுகிறது. விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 முதல் 165 செ.மீ. உயரத்தில், அதாவது கண் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 75 முதல் 100 செ.மீ. இடைவெளி போதும். உருண்டை விளக்கைவிட ஒன்றரை, இரண்டு அடி நீளமுள்ள பட்டை விளக்கு குடும்பத்துக்கு ஏற்றது; பள்ளி செல்லும் பிள்ளைக்கும் ஆறடி உயர அப்பாவுக்கும் அதே விளக்கு பயன்படும். நாடக அரங்குகளின் ஒப்பனை அறைகளில் கண்ணாடியைச் சுற்றிக் குமிழ் விளக்குகள் பொருத்துவதும் இந்தக் கணக்கின்படிதான்.

நான்கடிக்கு ஏழடி குளியலறையில், கண்ணாடிக்கு ஒரு பக்கம் கதவும் மறுபக்கம் மூலைச் சுவரும் இருந்தால் பக்க விளக்குக்கு இடமில்லை. அப்போது கண்ணாடிக்கு மேலே, தரையிலிருந்து 190 முதல் 200 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாக ஒரு நீள விளக்கைப் பொருத்தலாம். அது கண்ணாடி அகலத்தில் முக்கால் பங்காவது இருக்கட்டும். சுவரோடு ஒட்டிக் கிடக்காமல் சற்றே முன்னால் நீண்டிருக்கட்டும். வெள்ளை வாஷ்பேசின் ஒளியை மேல்நோக்கிச் சிதறவிட்டு முகவாயின் நிழலைக் குறைக்கும். கறுப்பு கிரானைட் மேடையிடம் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.

இப்போது நாகரிகமாகியிருக்கும் ‘பேக்லிட்’ கண்ணாடிகளில் எல்இடி பட்டை கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அது சுவருக்கு ஒளிவட்டம் கட்டும். முகத்துக்கு வந்து சேர்வது சொற்பம். விருந்தினர் வந்து பாராட்ட நல்லது, சவரத்துக்கு உதவாது. அதைவிட, கண்ணாடியின் ஓரங்களில் பூச்சை நீக்கிச் சொரசொரப்பாக்கி, அதன் வழியே ஒளியை முன்னோக்கி அனுப்பும் கண்ணாடிகள் எவ்வளவோ மேல்.

ஒளியின் நிறமும் அளவும்

ஒளியின் நிறச்சாயலைக் கெல்வின் அளவில் சொல்கிறார்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் சாயல், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் டியூப்லைட் காலத்துப் பழக்கத்தால் 6500 தான் ‘நல்ல வெளிச்சம்’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் அது மாநிறத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டக்கூடும். 3000 முதல் 4000 வரை எதுவும் தகும். அலுவலகத்துக்குப் புறப்படுமுன் ஒப்பனை செய்பவர்கள் 4000 பக்கம் நிற்பது நல்லது.

கெல்வினைவிட முக்கியமானது, கடையில் யாரும் கேட்காத ‘சிஆர்ஐ’ என்னும் நிறக்காட்டல் குறியீடு. பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-ஐ உச்சமாக வைத்து மதிப்பெண் தரும் இந்த முறையை, பன்னாட்டு ஒளிர்வு ஆணையம் 1965-இல் பரிந்துரைத்து 1974-இல் திருத்தியது. எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரிதான் இந்த மதிப்பெண். அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ‘ஆர்9’ என்று தனியாக அளக்கப்படுகிறது. அதனால் 80 மதிப்பெண் வாங்கிய எல்இடி விளக்கு சிவப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் வாங்கியிருக்கவும் கூடும். தோலுக்கு உயிர்ப்பைத் தருவது உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு. குங்குமமும் உதட்டுச்சாயமும் அந்தக் குடும்பம்தான். ஆகவே சிஆர்ஐ 90-க்கும் ஆர்9 50-க்கும் குறையாத விளக்கைத் தேட வேண்டும். பெட்டியில் இந்த எண்கள் அச்சாகவில்லை என்றால், எரியும் விளக்கின் அடியில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, உடனே கடை வாசல் வெயிலில் பார்க்கலாம். பட்டுப்புடவை எடுப்பவர்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பதும் இதே சோதனைதான்.

வெளிச்சத்தின் அளவை வாட்டில் அல்ல, லூமனில் கணக்கிட வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தந்தது. இன்று 7 முதல் 9 வாட் எல்இடி அதைத் தருகிறது. பக்கத்துக்கு ஒன்றாக அப்படி இரண்டு விளக்குகள் சிறிய குளியலறைக்குப் போதுமானவை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கூடுதலாக வைக்கலாம்: 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அவர்களுக்குக் கூச்சமும் அதிகம் என்பதால் எல்இடி புள்ளிகள் நேராகக் கண்ணில் படாதபடி பால்வெள்ளை மூடி அவசியம். நள்ளிரவில் எழுபவர்களுக்கு இத்தனை வெளிச்சம் தண்டனை. தனி சுவிட்சில் ஒரு மங்கிய மஞ்சள் விளக்கு இருந்தால் போதும்.

ஈரமும் மின்சாரமும்

விளக்குக்குள் தூசியும் நீரும் புகாமல் காக்கும் திறனை ‘ஐபி’ எண் சொல்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. ஐபி 44 எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி 65 குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். பன்னாட்டு மின் விதிகள் ஷவரையும் குளியல் தொட்டியையும் சுற்றி மண்டலங்கள் வகுத்து, எந்த மண்டலத்தில் எந்த விளக்கு என்று வரையறுக்கின்றன. வாளியும் மக்குமாகக் குளிக்கும் நம் குளியலறையில் தண்ணீர் எந்த மண்டலத்துக்கும் கட்டுப்படுவதில்லை. அதனால் கண்ணாடி விளக்குக்கு ஐபி 44-ஐக் குறைந்தபட்சமாகவும், ஷவர் அருகில் என்றால் ஐபி 65-ஐயும் கொள்வது விவேகம். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் இணைப்பும், அந்த சர்க்யூட்டுக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

எல்இடி விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது எல்இடி அல்ல, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர். கீசரின் ஆவியும் அடைத்த மூடிக்குள் தேங்கும் சூடும் அதன் ஆயுளைக் குறைக்கும். டிரைவரை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற விளக்கு விலை கூடினாலும் லாபம். தரை கழுவும் ஆசிட்டின் புகை விளக்கின் திருகாணிகளை அரிக்கும். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சையும் ஓரத்திலிருந்து கறுக்க வைக்கும்.

பக்க விளக்குகளுக்குச் சுவரில் இரண்டு பாயின்ட் வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதற்காகச் சுவரை வெட்ட யாருக்கும் மனம் வராது என்பதால், கண்ணாடியின் அகலத்தை முன்கூட்டியே முடிவு செய்து எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். வாடகை வீட்டில் அந்த வாய்ப்பில்லை. கண்ணாடிக்கு மேல் ஏற்கெனவே இருக்கும் ஒற்றை பாயின்ட்டில், பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு 4000 கெல்வின், 90 சிஆர்ஐ கொண்ட இரண்டடி எல்இடி பட்டை விளக்கை (‘பேட்டன்’) மாட்டினாலே பெரும்பகுதி குறை தீரும்.