நீலக் குழந்தைகளும் ட்ரெட்மில்லும்

கொஞ்சம் மருத்துவம், நிறைய சரித்திரம். கொட்டாவி விடாம படிங்க மக்களே :)

1944 நவம்பர் 29, பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை. யோசனை ஹெலன் டாசிக், கத்தி பிடிச்சவர் ஆல்ஃபிரட் பிளலாக். அவர் தோளுக்குப் பின்னால ஸ்டூல் மேல நின்னு வழி சொன்னவர் விவியன் தாமஸ்: கறுப்பினத்தவர், கல்லூரி வாசல் மிதிக்காதவர். (இவருக்குத் தனிப்பதிவே போடலாம்.) 1954-ல் மினசோட்டாவில் லில்லிஹை, இதயத்தைத் திறந்தே ரிப்பேர் பண்ணினார்.

குழந்தைங்க பிழைச்சாங்க, வளர்ந்தாங்க. வேலை, கல்யாணம்னு ஆச்சு. ஆனா முப்பது வயசில் எந்த டாக்டர்கிட்ட போறது? லண்டனில் 1975-ல் ஜேன் சோமர்வில் இவங்களுக்குன்னே வார்டு ஆரம்பிச்சார்.

இன்னொரு சிக்கல். "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்"பாங்க. பொய் இல்லைங்க. மூச்சு வாங்காம மாடி ஏறினதே இல்லாதவங்க எதோட ஒப்பிட்டுச் சொல்வாங்க?

அதுக்குத்தான் ட்ரெட்மில். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில் 3 நிமிஷத்துக்கு ஒருதரம் வேகமும் ஏற்றமும் கூடும். முகமூடி மாட்டி மூச்சையும் அளந்தா, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னு தெரியும். நாம பண்ற லோட் டெஸ்ட்தான். சும்மா இருக்கிற சர்வர்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டும்.

2005-ல் லண்டன் ராயல் பிராம்ப்டனில் டில்லர் குழு 335 பேரோட கணக்கை வெளியிட்டது. ஆரோக்கியமான அதே வயசுக்காரங்க கிலோவுக்கு நிமிஷத்துக்கு சராசரி 45.1 மில்லி ஆக்சிஜன் எடுக்க, இவங்க 21.7. தொந்தரவே இல்லைன்னு சொன்னவங்களுக்கும் குறைவுதான்! 15.5-க்குக் கீழ போனவங்களுக்கு ஆஸ்பத்திரி சேர்க்கை அல்லது மரணத்துக்கான ஆபத்து அதிகம். 2012-ல் அதே இடத்திலிருந்து 1,375 பேர். அதில் ஆக்சிஜன் அளவோட சேர்ந்து ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது நாடித்துடிப்பு: ஓடும்போது அது எவ்வளவு ஏறுதுங்கிறது.

15.5-ஐ பாஸ்மார்க் மாதிரி பார்க்கிறது தப்புன்னுதான் எனக்குத் தோணுது. ஒரே பம்பிங் அறையோட வாழுற ஃபோன்டான் நோயாளியையும், சின்ன ஓட்டையை அடைச்சுக்கிட்டவரையும் ஒரே கோட்டுல நிறுத்த முடியாது. கால் வலிச்சு பாதியில இறங்கிட்டாலும் எண் குறையும். அதே ஆளோட போன டெஸ்ட் 24, இந்த டெஸ்ட் 19-ன்னா, அப்பதான் டாக்டர் வால்வைத் திரும்பப் பார்க்கணும்.