வளையாத சுரமும் வளைக்கும் சக்கரமும்

நமது சங்கத்தின் சென்ற ஆண்டு விழா மேடையில் சிறுமி ஒருத்தி கீபோர்டு என்னும் மின்னிசைக் கருவியில் தோடி இராகம் வாசிக்க முற்பட்டதும், முன்வரிசையில் வீற்றிருந்த பெரியவர் ஒருவர், "இது தோடியா, தந்தியடிக்கும் ஓசையா?" என்று சற்று உரக்கவே வினவியதும் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அச்சிறுமி நம் மகளே. மேடையிலிருந்து இறங்கி வந்தவள் வீடு சேரும்வரை வாய் திறக்கவில்லை. பெரியவர் கூறியது தவறென்று நாமும் சொல்ல இயலவில்லை. காந்தாரம் அசைய வேண்டிய இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. பிழை குழந்தையினுடையதா, கருவியினுடையதா, அதனை வாங்கித் தந்த நம்முடையதா என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

மேனாட்டுக் கருவி ஒன்று நம் இசைக்கு ஒத்துவருமா என்ற வழக்கு இத்திருவனந்தபுரத்துக்குப் புதியதன்று. தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையை அணிசெய்ய இந்நகருக்கு வந்தவர். பிழைப்பை நாடியோ புகழை நாடியோ தமிழகத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றிய நம்மனோர்க்கு அவர் ஒரு வகையில் முன்னோடி என்றே கூறலாம். வெள்ளையரின் பிடிலை நம் இசைக்கு உரியதாக்கியவர்களுள் பாலுஸ்வாமி தீட்சிதரோடு சேர்த்து எண்ணப்படுபவர் அவர். 1834-ஆம் ஆண்டில் மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பிடில் இங்கு இவ்வளவு எளிதாகக் குடியேறியதற்குக் காரணம் வெளிப்படை. அதன் கழுத்தில் மெட்டுக்கட்டை இல்லை. விரல் எங்கு வேண்டுமாயினும் வழுக்கிச் செல்லும். குரல் போகும் வழியெல்லாம் பின்தொடரும்.

அடுத்து வந்த ஆர்மோனியத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பாரிஸ் நகரத்து அலெக்ஸாண்டர் தெபெய்ன் 1840-களின் தொடக்கத்தில் அப்பெயரால் உரிமம் பெற்ற அக்கருவி, கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக உருமாறி, நாடெங்கும் பரவியது. தமிழ் நாடக மேடையில் அதற்கிருந்த மதிப்பை இன்றைய இளைஞர் அறியார். கிட்டப்பா பாடுவதைக் கேட்கச் சென்றவர்கள், உடன் ஆர்மோனியம் வாசித்த அவர்தம் தமையனார் காசி ஐயரின் கைவண்ணத்தையும் சேர்த்தே புகழ்ந்தனர். எனினும் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படிகள். படிக்கும் படிக்கும் இடையே கால் வைக்க இடமில்லை. வாசிப்பவர் துருத்தியின் அழுத்தத்தால் ஒலியைப் பெருக்கலாம், குறைக்கலாம். சுரத்தை வளைத்தல் இயலாது.

இக்குறையையே முதன்மைக் குற்றமாகக் காட்டி, 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அப்போது வானொலியின் தலைவர் லயனல் பீல்டன் என்னும் ஆங்கிலேயர். தாகூரும் அத்தடையை விரும்பியவரே. நம் இசையின் தூய்மையைக் காக்க வெள்ளையர் ஒருவர் வெள்ளையர் கருவியை விலக்கிய விந்தை இது! 1943-இல் தொடங்கிய திருவிதாங்கூர் வானொலி 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தபோது, இந்நகரத்து நிலையமும் அந்த ஆணையின் கீழ் வந்தது. 1971-இல்தான் தடை தளரத் தொடங்கியது. ஒரு தலைமுறைக் காலம்!

இதற்கிடையில் மின்சாரம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. 1954-இல் வெளிவந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஓசை கேட்டு மயங்காதார் இலர். அது மகுடியே அன்று. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947-இல் அமைத்த கிளாவியோலின் என்ற மின்கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. ஒலியின் நிறத்தை மாற்ற அதில் வரிசையாகச் சிறு விசைகள் இருந்தன. ஒலியின் அளவை முழங்காலால் தள்ளும் கோல் ஒன்றால் ஏற்றி இறக்கலாம். கட்டையை அழுத்துவது மட்டுமன்றி, அழுத்திய பின் ஒலியை உருவாக்குவதும் வாசிப்பவர் வேலையாயிற்று.

1970-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூகின் தொழிற்சாலை மினிமூக் என்ற கருவியை வெளியிட்டது. அதன் இடக்கோடியில் இரண்டு சிறு சக்கரங்கள் இருந்தன. ஒன்று சுரத்தை மேலும் கீழும் வளைப்பது. மற்றது ஒலியில் அதிர்வைக் கலப்பது. அன்று முதல் பெரும்பாலான கருவிகளில் அவை அதே இடத்தில் அமைந்துவிட்டன. இக்காலக் கருவிகள் பலவற்றில் வளைக்கும் சக்கரம் வில் பொருந்தியது. கையை எடுத்தால் தானே நடுநிலைக்குத் திரும்பும். அதிர்வுச் சக்கரமோ விட்ட இடத்தில் நிற்கும். 1983-இல் பல நாட்டு நிறுவனங்கள் கூடி மிடி என்ற பொது மொழியை ஏற்றபோது, வளைவைக் குறிக்க 16,384 படிகளை வகுத்தன. பன்னிரண்டு படி மட்டுமே அறிந்த ஆர்மோனியத்தை இங்கு எண்ணிப் பாருங்கள்.

இனித் தோடிக்கு வருவோம். அதன் காந்தாரம் தன் இடத்தில் நிற்பதன்று. ரிஷபத்தை ஒட்டிக் கிளம்பி மத்தியமத்தைத் தொட்டு ஊசலாடுவது. காந்தாரத்திலிருந்து மத்தியமம் இரண்டு கட்டை மேல். சுத்த ரிஷபம் இரண்டு கட்டை கீழ். வழக்கமாகச் சக்கரத்தின் எல்லையும் மேலே இரண்டு, கீழே இரண்டே! வலக்கை காந்தாரத்தை அழுத்தியிருக்க, இடக்கை சக்கரத்தை உருட்டினால் தோடியின் நடமாட்டம் முழுவதும் அதனுள் அடங்கும். மேனாட்டார் நம் தோடியை எண்ணியா இவ்வாறு அமைத்தனர்? இல்லை; தற்செயலே. ஆயினும் மகிழத்தக்க தற்செயல்.

அதிர்வுச் சக்கரத்தைக் கமகத்துக்குப் பயன்படுத்துதல் தவறு. அது கடிகாரம்போல் ஒரே வேகத்தில் ஆடும். பாடகர் தொண்டையோ ஒவ்வோர் அசைவையும் வேறு அளவில் செய்யும். ஒலி நீட்டும் மிதியையும் விலக்கவேண்டும். அதனை மிதித்தால் முன் சுரம் மறையுமுன் பின் சுரம் வந்து கலந்துவிடும். சக்கரம் அசைந்தால் இரண்டும் சேர்ந்து வளையும். ஒலி எழும் விதத்துக்கும் தனித் திருகுகள் உண்டு: சட்டென எழுந்து மெல்லத் தேய்ந்தால் வீணை மீட்டியது போலும், மெல்ல எழுந்து நிலைத்தால் புல்லாங்குழல் போலும் செவிக்குப் படும். கூர்மையான மேலொலிகளை வடிகட்டும் திருகைச் சற்றே குறைத்தால் தகர ஓசை நீங்கும். இவற்றையெல்லாம் கையாண்டு, கே. சத்யநாராயணன் கீபோர்டிலேயே முழுக் கச்சேரி செய்துவருகிறார். கல்யாணியையும் தோடியையும் பியானோக்காரரின் சுரப்படிகளாக அன்றிக் குழைத்து வாசிக்கலாம் என்பதற்கு அவர் கையே சான்று.

நம் வீட்டுக் கருவிக்கு மீள்வோம். இவ்வளவும் படித்த பின்னர் அதனைத் துணி நீக்கிப் பார்த்தோம். இடக்கோடியில் சக்கரமே இல்லை! நூறு வகை ஒலி, ஐம்பது வகைத் தாளம் என்று அடுக்கி விற்ற கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்ற அறிவு நமக்கும் இல்லை. தவணை இன்னும் நான்கு மாதம் பாக்கி. சக்கரமில்லாத கருவியில் அக்குழந்தை தோடி வாசிக்கத் துணிந்ததே பெரிது. காலனியில் குழந்தைகளுக்குக் கருவி வாங்க எண்ணும் பெற்றோர் இதனை முதலில் நோக்குக.

வீணை கற்பிக்குமாறு அறிவுரைத்த பெரியவரின் சொல்லையும் நாம் தள்ளவில்லை. தம்பானூர் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தைக்காட்டில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. 1939-இல் தொடங்கிய அந்நிலையத்தை முதலில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், பின்னர் செம்மங்குடி சீனிவாச ஐயரும் நடத்தினர். அங்கு பயின்ற அம்மையார் ஒருவரிடம் மகள் இப்போது வாய்ப்பாட்டுக் கற்கிறாள். "காந்தாரத்தைத் தொண்டையில் அசைக்கத் தெரியாமல் சக்கரத்தில் எப்படி அசைப்பாய்?" என்று அவ்வம்மையார் கேட்டாராம். காலையில் பாட்டு, மாலையில், நண்பர் ஒருவர் இரவல் தந்த சக்கரமுள்ள கருவி. முதல் மாதம் இடக்கை முந்திற்று, அல்லது வலக்கை முந்திற்று. சென்ற வாரம் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியபோது வாயிற்படியிலேயே தோடி கேட்டது. பாடுகிறாளா வாசிக்கிறாளா என்று ஒரு கணம் நமக்கு ஐயம் எழுந்தது. இவ்வாண்டும் விழாவில் அவள் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அப்பெரியவரை முன்வரிசையிலேயே அமர்த்துமாறு செயலாளரிடம் கேட்டுக்கொண்டுள்ளோம்.