மலிவு விலைக் கட்டுமானக் கட்டைகள்

மலிவு விலைக் கட்டுமானக் கட்டைகள் என்பவை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடு, வண்டி, கோபுரம் முதலிய உருவங்களை அமைக்க உதவும் சிறு பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளில், டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் அல்லாத பிறர் செய்து குறைந்த விலைக்கு விற்பவை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் டாலர் கடைகள், ஐக்கிய இராச்சியத்தின் பவுண்டுக் கடைகள், சப்பானின் 100 யென் கடைகள், ஐரோப்பாவின் லிடில், ஆல்டி போன்ற தள்ளுபடி அங்காடிகள் ஆகியவற்றில் இவை விற்பனையாகின்றன. இவற்றுள் பல, லெகோ கட்டைகளோடு கலந்து பொருத்தக்கூடிய அளவிலேயே செய்யப்படுகின்றன. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள சாந்தோ நகரம், குறிப்பாக அதன் செங்காய் மாவட்டம், இவற்றின் முக்கிய உற்பத்தி மையமாகும்.

தோற்றம்

பிளாஸ்டிக் கட்டைகளின் வரலாறு லெகோவில் தொடங்கவில்லை. ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த இலரி பிசர் பேச்சு என்பவர் தமது கிடிகிராஃப்ட் நிறுவனத்தின் மூலம் 1940களில், மேற்புறத்தில் குமிழ்கள் உடைய கட்டைகளை விற்றார். டென்மார்க்கின் பிலுண்டு என்னும் ஊரில் 1932 இல் தொடங்கப்பட்ட மரப்பொம்மைப் பட்டறையே பின்னாளைய லெகோ. அது கிடிகிராஃப்ட் கட்டையை முன்மாதிரியாகக் கொண்டு 1949 இல் தன் முதல் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. பேச்சு 1957 இல் இறந்தார். கிடிகிராஃப்ட் கட்டைகளின் உரிமைகளை லெகோ 1981 இல் விலைக்கு வாங்கிக்கொண்டது. எனவே இத்துறையில் "அசல்", "போலி" என்னும் சொற்களைச் சற்றுக் கவனத்துடனேயே பயன்படுத்த வேண்டும்.

லெகோ சேர்த்த உண்மையான புதுமை, கட்டையின் உட்புறத்தில் உள்ள குழாய்கள் ஆகும். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 சனவரி 28 அன்று அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கட்டைகள் உள்ளே வெற்றாக இருந்ததால் எளிதில் கழன்று விழுந்தன.

அளவும் பிடிப்பும்

குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. என்பன இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகள். மேற்கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் இடையே கீழ்க்கட்டையின் குமிழ் இறுக்கமாக நுழைகிறது. அப்போது பிளாஸ்டிக் மிகச் சிறிதளவு வளைந்து கொடுத்து, மீண்டும் அழுத்திப் பிடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வேறுபட்டாலும் கட்டை தளர்ந்துவிடும், அல்லது குழந்தையால் பிரிக்க முடியாதபடி இறுகிவிடும்.

மலிவான கட்டைகளில் காணும் குறைகள் பெரும்பாலும் இங்கிருந்தே எழுகின்றன. தேய்ந்த அச்சை மாற்றாமல் தொடர்ந்து பயன்படுத்துவது, அச்சில் குளிரும் நேரத்தைக் குறைப்பது, ஏ.பி.எசு. பிளாஸ்டிக்குக்குப் பதிலாக எளிதில் உடையும் வகைகளைப் பயன்படுத்துவது ஆகியவை விலையைக் குறைக்கின்றன, பிடிப்பையும் குறைக்கின்றன. ஒரே பெட்டியில் உள்ள சிவப்புக் கட்டைகள் இரு வேறு சிவப்பாக இருப்பதும் உண்டு. ஆயினும் மலிவு என்பதாலேயே தரம் குறைந்தது என்று கூற இயலாது. கனடாவின் மெகா புளொக்சு, போலந்தின் கோபி போன்றவை தமக்கெனத் தனி வாடிக்கையாளர்களைப் பெற்றவை.

வழக்குகள்

லெகோவின் அடிப்படைக் காப்புரிமை ஐக்கிய அமெரிக்காவில் 1978 இலும் கனடாவில் 1988 இலும் முடிவுற்றது. காப்புரிமை முடிந்தபின் எவரும் அக்கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் லெகோ, பதிப்புரிமை, வணிகக் குறி, வடிவமைப்பு உரிமை ஆகிய பிற வழிகளில் கட்டையின் உருவத்தைக் காக்க முயன்றது. பயன்பாட்டுக்காகவே அமைந்த ஒரு வடிவத்தை ஒருவர் என்றென்றைக்கும் தமதாக்கிக்கொள்ள முடியுமா என்பதே இவ்வழக்குகளின் மையக் கேள்வி.

ஆங்காங்கில் டைக்கோ நிறுவனத்துடன் எழுந்த வழக்கில், பழைய வரைபடங்களைச் சிறு மாற்றங்களுடன் மீண்டும் வரைவதால் புதிய பதிப்புரிமை உண்டாகாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1988 இல் தீர்ப்பளித்தது. மெகா புளொக்சுக்கு எதிரான வழக்கைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005 நவம்பர் 17 அன்று தள்ளுபடி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், எட்டுக் குமிழ்கள் உடைய சிவப்புக் கட்டையின் வடிவம் 1999 இல் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. அதற்கு எதிராகத் தொடரப்பட்ட நீண்ட வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டம்பர் 14 அன்று லெகோவின் மேல்முறையீட்டை நிராகரித்தது. தொழில்நுட்பப் பயனுக்கான வடிவம் வணிகக் குறி ஆகாது என்பதே காரணம். இன்று கடைகளில் காணும் மலிவுப் பெட்டிகளுக்கு இடமளித்தவை இத்தகைய தீர்ப்புகளே.

எல்லா வழக்குகளிலும் லெகோ தோற்றுவிடவில்லை. அதன் சிறு மனித உருவம் வணிகக் குறியாகவே நீடிக்கலாம் என்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2015 இல், பெசுட்-லொக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. வேறு நிறுவனப் பெட்டிகளில் மனித உருவங்கள் வேறு அமைப்பில் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு வரிசையில் நான்கு குமிழ்களும் இருபுறமும் வழுவழுப்பான பரப்பும் கொண்ட கட்டையின் வடிவமைப்பு உரிமையை, செருமனியின் டெல்டா சுபோர்ட் நிறுவனம் எதிர்த்தது. 2024 சனவரியில் அந்நீதிமன்றம் லெகோவின் உரிமையை உறுதி செய்தது.

பொருந்தும் கட்டை செய்வது வேறு. ஒரு பெட்டியின் மாதிரி, படம், விளக்கக் கையேடு அனைத்தையும் அப்படியே நகலெடுப்பது வேறு. சீனாவின் லெப்பின் பின்னதையே செய்தது. 2019 இல் சாங்காய் காவல்துறை அதன் தொழிலகத்தைச் சோதனையிட்டது. 2020 இல் அதன் தலைமைக் குற்றவாளிக்கு 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் தண்டமும் விதிக்கப்பட்டன.

பாதுகாப்பு

சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், மூன்று அகவைக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இவை ஏற்றவை அல்ல. அவர்களுக்கெனப் பெரிய கட்டைகள் தனியே விற்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பொம்மைகளில் சி.இ. குறி இருத்தல் வேண்டும். இந்தியாவில் 2021 சனவரி 1 முதல், உள்நாட்டில் செய்தவையாயினும் இறக்குமதியாயினும், பொம்மைகளுக்கு ஐ.எசு.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோ செய்தவர் முகவரியோ இல்லாமல் பைகளில் விற்கப்படும் கட்டைகள் எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.