சிக்கனக் குறைமாவுச்சத்து உணவுமுறை

சிக்கனக் குறைமாவுச்சத்து உணவுமுறை என்பது அரிசி, கோதுமை, சீனி முதலிய மாவு, இனிப்புப் பொருட்களைக் குறைத்து, அவற்றின் இடத்தைக் குறைந்த விலையில் கிடைக்கும் புரத, கொழுப்பு உணவுகளாலும் காய்கறிகளாலும் நிரப்பும் உணவுப் பழக்கம் ஆகும். இரண்டாம் வகை நீரிழிவு நோய், உடற்பருமன் ஆகியவை உடையோர் இதனைக் கைக்கொள்கின்றனர். தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. எனவே அரிசியைக் குறைத்து வேறு உணவை வாங்குவது பெரும்பாலும் குடும்பச் செலவைக் கூட்டுகிறது. அச்செலவை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்பதே இவ்வுணவுமுறையின் மையக் கேள்வியாகும். இக்கட்டுரை தென்காசி மாவட்டம், ஆலங்குளம் வட்டாரத்தில் கிடைக்கும் பொருட்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

== வரைவிலக்கணம் ==

இக்கட்டுரையில் மாவுச்சத்து என்னும் சொல், சர்க்கரைகளையும் உள்ளடக்கிய கார்போவைதரேட்டு என்னும் பொருளில் ஆளப்படுகிறது. குறைமாவுச்சத்து என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரே வரையறை இல்லை. பரவலாக வழங்கும் பிரிப்பு பின்வருமாறு:

* மிகக் குறைந்த அளவு: நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் கீழ்
* குறைந்த அளவு: நாளொன்றுக்கு 130 கிராமுக்கும் கீழ்
* மிதமான அளவு: மொத்த ஆற்றலில் 26 முதல் 45 விழுக்காடு வரை

சிக்கன முறைக்கு இரண்டாவது அளவே பெரிதும் பொருந்தும். 50 கிராமுக்கும் கீழே செல்ல வேண்டுமாயின் பருப்பு வகைகளையும் ஏறத்தாழ முழுவதுமாக விலக்க நேரிடும். பருப்பு, மலிவான புரதங்களுள் ஒன்று.

== வரலாறு ==

இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர், மருத்துவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி எடை குறைந்ததை 1863ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1921ல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர், வலிப்பு நோய்க்கான கீட்டோன் உணவுமுறையை முன்வைத்தார். 1972ல் இராபர்ட் அட்கின்சு எழுதிய நூல் இம்முறையைப் பொதுமக்களிடையே பரப்பியது.

தமிழ்நாட்டில் 2010களின் நடுப்பகுதியில் பேலியோ உணவுமுறை என்னும் பெயரில் இது பரவியது. நியாண்டர் செல்வன் என்னும் புனைபெயரில் எழுதுபவரின் கட்டுரைகளும் 'பேலியோ டயட்' நூலும் இதில் பெரும் பங்காற்றின. காலையில் நூறு பாதாம் பருப்பு உண்பது இம்முறையின் அடையாளமாகவே ஆயிற்று. நிலக்கடலையும் பருப்பு வகைகளும் பேலியோ முறையில் விலக்கப்படுகின்றன. ஆனால் குறைமாவுச்சத்து முறையில் அளவு மட்டுமே கணக்கு. பயறு வகை என்பதற்காக எதுவும் விலக்கப்படுவதில்லை. செலவைக் குறைக்க விரும்புவோருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் ஒரு கிலோ பாதாமின் விலையில் பல கிலோ நிலக்கடலை வாங்கலாம்.

== அரிசியும் செலவும் ==

தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் அரிசி 2006 சூனில் கிலோ 2 உரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 உரூபாயாகவும் குறைக்கப்பட்டது. 2011 சூன் 1 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு, பாமாயில், சீனி ஆகியவை மானிய விலையில் கிடைக்கின்றன. முட்டை, நிலக்கடலை, காய்கறி ஆகியவற்றுக்கு இத்தகைய மானியம் இல்லை.

நால்வர் கொண்ட குடும்பம் மாதம் 20 கிலோ அரிசி பெறுவதாகக் கொண்டால், தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 167 கிராம் ஆகும். இதிலிருந்து ஏறத்தாழ 130 கிராம் மாவுச்சத்தும் 13 கிராம் புரதமும் கிடைக்கும். அதாவது, வேறெந்த மாவுப் பொருளையும் தொடாவிட்டாலும், விலையில்லா அரிசி மட்டுமே குறைந்த அளவின் வரம்பை எட்டிவிடுகிறது.

மூவேளையும் சோறு, இட்லி, தோசை என உண்ணும் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உட்கொள்வதாகக் கொள்க. அதே அளவில் நால்வரும் உண்டால் மாதத் தேவை 48 கிலோ. இதில் 20 கிலோ விலையின்றி வருகிறது. 28 கிலோவை வெளிக்கடையில் வாங்க வேண்டும். அக்குடும்பத்தில் நீரிழிவு உள்ள ஒருவர் மட்டும் 75 கிராமாகக் குறைத்தால், மாதம் ஏறத்தாழ 10 கிலோ மிச்சமாகும். மிச்சமாவது விலை கொடுத்து வாங்கிய அரிசி என்பதால், அத்தொகையை முட்டைக்கும் கடலைக்கும் திருப்பிவிடலாம்.

வெளிக்கடையில் அரிசி வாங்காமல் விலையில்லா அரிசியையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இவ்வழி இல்லை. மிச்சமாகும் ரேசன் அரிசியை விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே மிக வறிய குடும்பங்களில் இவ்வுணவுமுறைக்கான செலவு முழுவதும் கூடுதல் செலவாகவே அமைகிறது. இது இம்முறையின் அடிப்படைக் குறைபாடாகும்.

== ஆலங்குளம் வட்டாரம் ==

ஆலங்குளம், திருநெல்வேலி – தென்காசி சாலையில் அமைந்துள்ள பேரூர். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் செயற்படத் தொடங்கும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. (விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்டு ஆலை உள்ள ஆலங்குளம் வேறு ஊர்.) வேளாண்மையும் பீடி சுற்றுதலும் இவ்வட்டாரத்தின் முக்கியத் தொழில்கள். பீடி சுற்றுவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் கூலி பெறுகின்றனர். நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை என்பதால் உடலுழைப்பு குறைவு. ஆனால் உணவு, வயல் வேலைக் காலத்தில் அமைந்த சோற்று அளவிலேயே பல வீடுகளில் தொடர்கிறது.

ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் இடையே உள்ள பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தை, கேரளத்துக்கும் காய்கறி அனுப்பும் பெரிய சந்தை. தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் முதலியன சுற்றுப்புற ஊர்களிலிருந்து வருகின்றன. வரத்து மிகும் நாட்களில் விலை பெரிதும் இறங்கும். அந்தந்த நாளில் மலிவாக உள்ள காயை வாங்குவது சிக்கன முறையின் முதல் விதி எனலாம்.

== உணவுப் பொருட்கள் ==

கீழே 100 கிராம் சமைக்காத பொருளில் உள்ள மாவுச்சத்து (நார்ச்சத்து நீங்கலாக), புரதம் ஆகியவற்றின் தோராய அளவுகள் கிராமில் தரப்பட்டுள்ளன.

* அரிசி: மாவுச்சத்து 78, புரதம் 8
* கேழ்வரகு: மாவுச்சத்து 67, புரதம் 7
* கோதுமை மாவு: மாவுச்சத்து 64, புரதம் 10
* கம்பு: மாவுச்சத்து 62, புரதம் 11
* காணம் (கொள்ளு): மாவுச்சத்து 57, புரதம் 22
* துவரம் பருப்பு: மாவுச்சத்து 55, புரதம் 22
* நிலக்கடலை: மாவுச்சத்து 17, புரதம் 24
* முற்றிய தேங்காய்: மாவுச்சத்து 6, புரதம் 4
* முருங்கைக்கீரை: மாவுச்சத்து 6, புரதம் 6
* முட்டை (இரண்டு): மாவுச்சத்து 1, புரதம் 13
* சாளை (மத்தி) மீன்: மாவுச்சத்து இல்லை, புரதம் 18

புடலை, சுரை, பீர்க்கு, தடியங்காய், சீனி அவரைக்காய், வெண்டை, கத்தரி, கீரை வகைகள் ஆகியவற்றில் மாவுச்சத்து குறைவு. முருங்கை பல வீடுகளின் புறக்கடையிலேயே நிற்பதால் அதன் கீரைக்குச் செலவில்லை. சேனை, சேம்பு, மரவள்ளி, உருளை ஆகிய கிழங்குகளில் மாவுச்சத்து மிகுதி. மரக்கறி உணவு உண்போர், முட்டைக்கு மாற்றாக மீல்மேக்கர் எனப்படும் சோயாத் துண்டுகளைப் பயன்படுத்தலாம். அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி புரதமாகும்.

== ஒரு நாள் உணவு: எடுத்துக்காட்டு ==

கடின உடலுழைப்பு இல்லாத ஒருவருக்கான எடுத்துக்காட்டு இது.

* காலை: சின்ன வெங்காயம் சேர்த்துப் பொரித்த முட்டை இரண்டு, வறுத்த நிலக்கடலை 30 கிராம், சீனி சேர்க்காத தேநீர்
* நண்பகல்: 75 கிராம் அரிசியில் வடித்த சோறு, 20 கிராம் துவரம் பருப்பில் சாம்பார், தேங்காய் சேர்த்த பொரியல், கீரை, அவித்த முட்டை ஒன்று
* மாலை: அவித்த நிலக்கடலை (உலர்ந்த எடையில் 30 கிராம்)
* இரவு: 20 கிராம் பருப்பும் தேங்காயும் சேர்த்த சுரைக்காய் அல்லது புடலங்காய்க் கூட்டு, தயிர் 200 மில்லி லிட்டர்

காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், தேங்காய் 50 கிராம், சமையல் எண்ணெய் 20 கிராம் எனக் கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 120 கிராம் மாவுச்சத்து, 64 கிராம் புரதம், 1,500 கலோரி ஆகும். முன்னர்க் கூறிய 400 கிராம் அரிசியில் மட்டும் 312 கிராம் மாவுச்சத்து இருப்பதை ஒப்பிடுக. சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் 100 கிராம் மீன், மூன்று முட்டைக்கு ஈடாகும். வயல் வேலை, கட்டிட வேலை செய்வோருக்கு இவ்வளவு ஆற்றல் போதாது. நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றின் அளவைக் கூட்ட வேண்டும்.

== தவறான கருத்துகள் ==

* சோற்றுக்குப் பதில் சப்பாத்தி அல்லது கேழ்வரகுக் களி உண்பது குறைமாவுச்சத்து உணவு ஆகாது. மேலுள்ள பட்டியலில் இவற்றுக்கும் அரிசிக்கும் உள்ள வேறுபாடு சிறிதே என்பதைக் காணலாம். நார்ச்சத்து கூடுதல் என்னும் பயன் மட்டும் உண்டு.
* கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் ஆகியவையும் சர்க்கரையே. கருப்பட்டிக் காப்பி நீரிழிவுக்கு ஏற்றது என்னும் நம்பிக்கை தவறானது.
* பழம் என்பதால் அளவின்றி உண்ணலாம் என்பதும் தவறு. குற்றாலச் சாரல் காலத்தில் விற்கப்படும் மங்குசுத்தான், ரம்புட்டான் ஆகியவை சர்க்கரை மிகுந்தவை, விலையும் கூடுதல். கொய்யா இரு வகையிலும் மேலானது.
* இறைச்சி நாள்தோறும் உண்ண வேண்டும் என்பதில்லை.

== ஆய்வு முடிவுகள் ==

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் நீரிழிவு ஆய்வு 2023ல் வெளியிட்ட முடிவின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களுள் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டு வெளியீடு, இந்தியர் தம் ஆற்றலில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுவதாகக் கூறுகிறது. மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியைப் புரதமாக மாற்றுவது நீரிழிவு வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புடையது என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானியத்துக்கு மாறுவதில் அத்தகைய பயன் காணப்படவில்லை என்றும் அது தெரிவிக்கிறது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019ல், இரத்தச் சர்க்கரையைக் குறைக்க மாவுச்சத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளதாக ஏற்றது. மறுபுறம், 2018ல் லான்செட் பொது நல இதழில் வெளியான ஆய்வு, மாவுச்சத்து மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் இறப்பு வீதம் கூடுவதாகக் கண்டது. குறைத்த மாவுச்சத்தின் இடத்தில் தாவரப் புரதமும் கொழுப்பும் உண்டோரிடம் இறப்பு வீதம் குறைவாகவும், விலங்குணவு உண்டோரிடம் கூடுதலாகவும் இருந்தது. நிலக்கடலையையும் பருப்பையும் சார்ந்த சிக்கன முறைக்கு இது சாதகமான செய்தி.

== எச்சரிக்கைகள் ==

* இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு ஆகிய மருந்துகளைப் பயன்படுத்துவோர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ, 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியோ வந்தாலும், உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.
* டாபாகிளிபுளோசின் போன்ற மருந்துகளுடன் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தம் அமிலமாகும் கீட்டோஅமிலத்துவ நிலை ஏற்படலாம்.
* சிறுநீரக நோய் உடையோருக்குப் புரத அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.
* குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இம்முறை உகந்ததன்று. வீட்டில் ஒருவருக்காகச் சமைப்பதைப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கக் கூடாது.
* கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர் தவிர்க்க வேண்டும்.
* பூசணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாநச்சு இருக்கலாம். விலை மலிவு என்பதற்காகச் சொத்தைக் கடலையை வாங்கக் கூடாது.

== இவற்றையும் பார்க்க ==

* நீரிழிவு நோய்
* பொது விநியோகத் திட்டம்
* நிலக்கடலை
* ஆலங்குளம், தென்காசி மாவட்டம்