டோக்கியோவில் பிறந்த எண்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பார்ப்பவர்களிடம் 2,628 என்று சொன்னால் போதும், பாரி சாண்டர்ஸ் என்று பதில் வரும். 1988இல், 11 ஆட்டங்களில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர் ஓடிக் கடந்த கெஜங்களின் கணக்கு அது. மோதித் தள்ளக் காத்திருக்கும் ஆட்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓடுவதுதான் ‘ரன்னிங் பேக்’ வேலை. ஒரு ஆட்டத்தில் 100 கெஜம் ஓடினாலே நல்ல நாள். சாண்டர்ஸின் சராசரி 239.

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம் அவருடைய ஊர். அப்பா கூரை வேலை, தச்சு வேலை செய்தவர். 11 பிள்ளைகளில் பாரி ஏழாவது. உயரம் ஐந்தடி எட்டங்குலம். பள்ளியின் கடைசி ஆண்டில், அதுவும் சில ஆட்டங்கள் முடிந்த பிறகுதான், ரன்னிங் பேக் இடம் அவருக்குக் கிடைத்தது. மீதி ஆட்டங்களில் ஓடித் தள்ளினார். இருந்தும் ஆள் குள்ளம் என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கிவிட்டன. உதவித்தொகை தந்து கூப்பிட்டவை மிகச் சில. அவற்றில் ஒன்றான ஓக்லஹோமா ஸ்டேட்டில் 1986இல் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு முன்னால் தர்மன் தாமஸ் இருந்தார். பின்னாளில் பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அணியின் பெரும் பெயரான அதே தாமஸ்தான். அப்படி ஒருவர் ஆடும்போது மாற்று ஆளுக்கு எத்தனை முறை பந்து வரும்? ஆகவே இரண்டு ஆண்டுகள் சாண்டர்ஸுக்கு முக்கியமாக வாய்த்தது எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடிவரும் வேலை. 11 பேர் முழு வேகத்தில் எதிரே பாய்ந்து வருவார்கள். நின்று யோசிக்க நேரமில்லை. 1987இல் இதில் அவருடைய சராசரி 31.6 கெஜம், நாட்டிலேயே முதலிடம். சட்டென்று நின்று, எதிராளி தடுமாறும் கணத்தில் திசை மாறிப் பறக்கும் அவருடைய பாணி அங்கேதான் கூர்மையடைந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இரண்டு ஆண்டுகளை வீணான காலம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

1988இல் தாமஸ் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், இடம் காலியானது. பருவத்தின் முதல் ஆட்டத்தில், எதிரணி உதைத்த முதல் பந்தையே பிடித்து 100 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார் சாண்டர்ஸ். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அந்தப் பருவத்தில் நான்கு ஆட்டங்களில் 300 கெஜத்தைத் தாண்டினார்.

கடைசி ஆட்டம் டெக்சஸ் டெக் அணியோடு, ஜப்பானின் டோக்கியோவில். அதுவரை சேர்ந்திருந்தது 2,296. ஒரே பருவத்தில் அதிக கெஜம் ஓடியதற்காக மார்கஸ் ஆலன் 1981இல் படைத்த சாதனை 2,342. ஆட்டத்துக்குச் சற்று முன், கல்லூரி வீரருக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் அவருக்கே என்ற செய்தி வந்தது. விழா நியூயார்க்கில் நடக்க, அவர் செயற்கைக்கோள் வழியாகப் பேசிவிட்டு மைதானத்துக்குப் போனார். அன்று 332 கெஜம். 2,628 அந்த மைதானத்தில் பிறந்தது.

பருவம் முடிந்து நடந்த ஹாலிடே போல் ஆட்டத்தில் இன்னும் 222 கெஜம் ஓடினார். அந்நாளைய விதிப்படி அது கணக்கில் ஏறவில்லை. 2024இல் போய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி அந்த எண்ணை நெருங்கினார்: 14 ஆட்டங்கள், போல் ஆட்டமும் சேர்த்து, 2,601.